பழைய பதிப்பும் பழகிய கையும்

இளம் அறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட தமிழ்த்துறைப் பேராசிரியரிடம், "டி.ஜே. மென்பொருள் ஒன்றின் பழைய பதிப்பைப் பற்றி எழுதலாமா, ஐயா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சிந்திக்க அதில் ஏதாவது இருந்தால் எழுது" என்றார். இருக்கிறது என்பதே என் எண்ணம். இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பைப் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் விட்டுவிடுகிறேன்.

ஒரு வரவேற்பு இரவு

விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் ஒலிபெருக்கி நிலையம் ஒன்றுக்கு உதவியாளாகப் போவது என் வழக்கம். பெட்டி தூக்குவது, ஒயர் இழுப்பது, சாப்பாட்டு நேரத்தில் கருவிகளுக்குக் காவல் இருப்பது ஆகியவை என் வேலைகள். நிலையத்தின் உரிமையாளரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே அழைப்போம். பாட்டோடு பாட்டைக் கலந்து ஒலிக்கச் செய்ய அவர் ஒரு மென்பொருளை ஆறு ஆண்டுகளாகத் தம் மடிக்கணினியில் வைத்திருந்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண வரவேற்புக்கு முந்திய இரவு அந்த மடிக்கணினி இணையத்தோடு இணைந்தபடி கிடந்தது. கேட்பாரில்லாமல் புதிய பதிப்பு உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. மறுநாள் மாலை மண்டபத்தில் திறந்தபோது பழைய திரை இல்லை. கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தந்தால்தான் மேலே போவேன் என்றது. மண்டபத்திலோ இணையம் சரியாகக் கிடைக்கவில்லை. மணமக்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். மணமகளின் தாய்மாமன் எங்களை நோக்கி இரண்டு முறை கையை ஆட்டிவிட்டார்.

அண்ணன் என் தோளைத் தட்டி, "தம்பி, வண்டியில பின்னாடி பழைய சி.டி. பெட்டி ஒண்ணு கிடக்கும், தூக்கிட்டு வா" என்றார். இரண்டு தட்டுகளைப் போடும் பழைய கருவி அது. தூசியைத் துடைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். முதற்பாட்டிலிருந்து இரண்டாம் பாட்டுக்கு மாறும்போது ஓரிடத்தில் தாளம் இடறியது. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் முகம் மட்டும் சுளித்தது. அதன்பின் பத்தரை மணி வரையில் வேறு இடறல் இல்லை.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "பட்டனை அமுக்கி அமுக்கி ஆறு வருசம் ஓடிப்போச்சு. காது மறந்திருக்குமோன்னு பயந்துட்டேன் தம்பி."

அந்த அச்சம்தான் இக்கட்டுரையின் வித்து. கருவியை எடுத்துச் சென்றவர் யார் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காதை யாரிடம் ஒப்படைத்தோம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது என் துணிபு.

கலப்பது என்றால் என்ன?

பாட்டை மாற்றி மாற்றிப் போடுவதற்கு ஒரு கலையா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் அவர்களுக்கு விடை கூற வேண்டும்.

ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வர வேண்டிய பாட்டின் வேகம் 126. ஆடுகின்றவர்களின் கால் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், முதற்பாட்டை நூற்றுக்கு ஐந்து விழுக்காடு விரைவாக்க வேண்டும். அல்லது இரண்டாவதை ஏறக்குறைய அதே அளவு தாழ்த்த வேண்டும். வேகம் பொருந்தினால் மட்டும் போதாது. இரண்டின் அடிகளும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒரு பாட்டு 120 அடியிலும் மற்றது 120.5 அடியிலும் ஓடினால், ஒன்றாகத் தொடங்கிய இரண்டும் ஒரே நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். அதாவது ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் போய் விழும். கச்சேரியில் தவில் ஒரு காலப்பிரமாணத்திலும் நாகசுரம் வேறொன்றிலும் போனால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இசைத்தட்டை விரைவாகச் சுழற்றினால் சுருதியும் ஏறும். ஐந்து விழுக்காடு வேகம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் உயர்ந்துவிடுகிறது. பாடகரின் குரலே மாறிவிடும். எனவே எந்தப் பாட்டை எதனோடு சேர்க்கலாம், எங்கே சேர்க்கலாம், எத்தனை நேரம் இரண்டையும் ஒன்றாக ஓடவிடலாம் என்பதெல்லாம் கலப்பவனின் காதும் கையும் அறிந்து செய்ய வேண்டியவை.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் நகரத்துச் சாங்க்சுவரி என்னும் நடன அரங்கில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இவ்வாறு தாளம் பொருத்திக் காட்டிப் புகழ் பெற்றார். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கையின் விருந்து ஒன்றில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஏற்ற சிறு தாளப் பகுதியை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே போவது அவர் கண்ட முறை. ஹிப் ஹாப் இசையின் பிறப்பை அந்த நாளோடு சேர்த்துச் சொல்வார்கள். இவர்களுக்குத் துணை நின்றவை சுழல்தட்டுக் கருவிகள். ஜப்பானில் 1972-இல் வெளியான டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் கருவியும், 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் உலகமெங்கும் இத்தொழிலின் அடையாளமாயின.

ஆக்லாந்து மாணவரின் வினா

இனி நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஸ்டீவ் வெஸ்ட் என்னும் மாணவர் பேஸ் கிதார் பயின்றுவந்தார். ஒரு பாட்டின் விரைவான பகுதியைக் கற்றுக்கொள்ள அதனை மெதுவாக ஓடவிட வேண்டியிருந்தது. மெதுவாக்கினால் சுருதி இறங்கிவிடுகிறது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்ற முடியாதா என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு, அதற்கான நிரலை அவரே எழுதினார். நண்பர் ஏ.ஜே. பெர்ட்டன்ஷாவோடு சேர்ந்து அவர் 1999-இல் தொடங்கிய நிறுவனமே செரட்டோ. ஒரு மாணவரின் பாடத் தொல்லையிலிருந்து பிறந்த நிறுவனம் என்பதை என் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்நிறுவனம் அமெரிக்காவின் ரேன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தோடு சேர்ந்து 2004-இல் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச் லைவ். அதற்கு முன்பே ஆம்ஸ்டர்டாம் நகரில் உருவான பைனல் ஸ்கிராட்ச் இவ்வழியில் முதற்காலடி வைத்துவிட்டது. ஆயினும் ஸ்கிராட்ச் லைவ் தொழில்முறைக் கலைஞரிடையே மிகப் பரவலாக வேரூன்றியது.

அதன் அமைப்பு இயற்பியல் மாணவனாகிய எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. சுழல்தட்டின் மேல் வைக்கும் இசைத்தட்டில் பாட்டே கிடையாது. நொடிக்கு 1000 அதிர்வு கொண்ட ஓர் ஓசைதான் பதிந்திருக்கும். தட்டு பாதி வேகத்தில் சுழன்றால் அது 500 அதிர்வாகக் கேட்கும். எனவே வேகம் தெரிந்துவிடும். இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் ஒன்றற்கொன்று சற்று முன்பின்னாக அமைந்திருப்பதால், தட்டு முன்னே போகிறதா பின்னே போகிறதா என்பது தெரியும். ஓசையோடு கலந்த குறியீடு ஊசி தட்டின் எவ்விடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும். இவற்றை ரேன் நிறுவனத்தின் எஸ்.எல். 1 என்னும் சிறு பெட்டி வாங்கிக் கணினிக்கு அனுப்பும். கணினியிலுள்ள பாட்டு, கை தட்டை எப்படி அசைக்கிறதோ அப்படியே ஒலிக்கும். பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளைச் சுமந்தவர்கள், ஒரு மடிக்கணினியையும் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாயிற்று.

இங்கே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. இம்மென்பொருள் சுமையை நீக்கியது. தேடும் தொல்லையை நீக்கியது. சுருதி மாறாமல் வேகத்தை மாற்றித் தந்தது. ஒரு பாட்டில் ஐந்து இடங்களுக்கு அடையாளம் வைத்துக்கொள்ள இடம் தந்தது. ஆனால் இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒரே அழுத்தில் பொருத்திக் கொடுக்கும் ஸிங்க் பொத்தான் அதில் இல்லை. அந்த வேலையைக் கைக்கே விட்டுவைத்தது.

அதற்காக அந்தப் பழைய பதிப்பைப் பத்தினி என்றும் புதியதைப் பரத்தை என்றும் பாட நான் வரவில்லை. அதன் திரையில் ஒலியின் வடிவம் ஓடிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த ஒலி சிவப்பாகவும் உயர்ந்த ஒலி நீலமாகவும் தெரியும். இரண்டு பாட்டுகளின் படங்களும் அருகருகே ஓடுவதால் கண்ணாலும் ஓரளவு பொருத்திவிடலாம். "காதால் செய்ய வேண்டியதைக் கண்ணால் செய்கிறார்கள்" என்று இசைத்தட்டுக்காரர்கள் முணுமுணுத்தது இதனால்தான். நேற்றைய புதுமை இன்றைய பழமை ஆகும்போது தூய்மைப் பட்டம் பெற்றுவிடுவது உலக வழக்கம் போலும்!

பொத்தான் வந்தது, பெட்டி போனது

செரட்டோ நிறுவனம் பின்னர் செரட்டோ டி.ஜே. என்னும் புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. 2013 முதல் ஸ்கிராட்ச் லைவ் கலைஞர்கள் அதற்கு மாறத் தொடங்கினர். அடையாள இடங்கள் ஐந்திலிருந்து எட்டாயின. ஸிங்க் பொத்தானும் வந்தது. வேண்டாதவர்கள் அதனை அமைப்புப் பக்கத்தில் நிறுத்தி வைக்கவும் வழி இருந்தது. பழைய பதிப்பில் ஒருவர் பல்லாண்டு சேர்த்த பாட்டுப் பட்டியல்களையும் அடையாளங்களையும் புதியது அப்படியே ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை.

ஆனால் எஸ்.எல். 1 பெட்டியைப் புதிய மென்பொருள் ஏற்கவில்லை. ஸ்கிராட்ச் லைவ் மென்பொருளுக்குத் தனி விலை இல்லை. பெட்டியை வாங்கியவர் மென்பொருளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பெட்டிதான் சாவி. இப்போது பூட்டு மாறிவிட்டது. சாவி பழையதாகவே கையில் நிற்கிறது. 2.5 என்னும் வரிசையோடு பழைய பதிப்பின் வளர்ச்சியும் முடிந்தது. 2019-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் 32 பிட் மென்பொருள்கள் ஓடுவதை நிறுத்திவிட்டது. எனவே, பழையதை நம்பியவர் பழைய கணினியையும் பாதுகாக்க வேண்டியவரானார். பெட்டியில் பழுதில்லை. தட்டில் தேய்வில்லை. கையில் தளர்ச்சியில்லை. ஆயினும் மூன்றும் சேர்ந்து இயங்குவதற்குப் பழைய மடிக்கணினி ஒன்றின் ஆயுளே எல்லையாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு அண்ணனின் வரவேற்பு இரவு நினைவுக்கு வந்தது. அங்கே புதிய பதிப்பு கேளாமல் வந்தது. இங்கே பழைய பதிப்பு மெல்ல விடைபெற்றது. இரண்டிலும் முடிவு செய்தது ஆள்பவரல்லர். ஆக்கியவர். தாளம் பொருத்தும் வேலையைப் பொத்தானிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதும், பழகிய கருவியை விடுவதா வைத்துக்கொள்வதா என்பதும், அதனைக் கையாண்டு சோறு உண்பவன் தீர்மானிக்க வேண்டியவை. இதுவே நான் கூற வந்த கருத்து.

மறுப்புரைகளுக்கு விடை

கணிப்பொறியியல் துறை நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். "ஒரு நிறுவனம் எத்தனை ஆண்டு பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுவது? ஒவ்வொரு புதிய கணினிக்கும் அதனைத் திருத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டாமா? கூலி வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் அவ்வாறு திருத்தச் சொல்லவில்லை. திருத்துவதை நிறுத்தும் நாளில் இரண்டு கடமைகளை ஆற்றிவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன். கடைசிப் பதிப்பை, எவர் அனுமதியும் இணையமும் கேளாமல் ஓடும்படி, எப்போதும் கிடைக்கச் செய்யுங்கள். அத்தோடு, நீங்கள் கைவிடும் கருவி கணினியோடு எந்த மொழியில் பேசுகிறது என்பதையும் வெளியிடுங்கள். விருப்பமுள்ள பிறர் அதற்கு உயிர் ஊட்டுவார்கள்.

"இது நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்களாயின், நடந்துகொண்டிருக்கிறது என்பேன். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் டூ ஹாஸ்டே ஆண்டர்சன் என்னும் ஆய்வு மாணவர் 2001-இல் தம் முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாகத் தொடங்கியது மிக்ஸ் என்னும் டி.ஜே. மென்பொருள். அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தது, விலை இல்லை. அவர் தொடங்கியதை இன்று பல நாட்டுத் தொண்டர்கள் வளர்த்துவருகிறார்கள். செரட்டோவின் ஓசைத்தட்டைக்கூட அது படித்துக்கொள்ளும். பெட்டிக்குக் கதவு மூடினாலும் தட்டுக்கு ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதிலும் ஸிங்க் பொத்தான் உண்டு, வேண்டாதவன் தொடாதிருக்கலாம். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கலாம். யாரும் வந்து பறிக்கப்போவதில்லை.

வேறொரு நண்பர், "சந்தை இருக்கிறதே! ஒரு நிறுவனம் கைவிட்டால் வேறொன்றிடம் போகலாமே" என்றார். போகலாம், வேறொன்று இருக்கும் வரையில். முன்பு பயனியர் டி.ஜே. என்ற பெயரில் கருவிகள் செய்துவந்த ஆல்பாதீட்டா நிறுவனம் செரட்டோவை விலைக்கு வாங்க முயன்றபோது, போட்டி குறைந்துவிடும் என்று கூறி நியூசிலாந்தின் வணிக ஆணையம் 2024-இல் அனுமதி மறுத்தது. ஓர் அரசு அமைப்பே குறுக்கிட வேண்டிய அளவுக்கு இச்சந்தை சிலர் கையில் ஒடுங்கியிருக்கிறது என்பதையல்லவா இது காட்டுகிறது?

இன்னும் ஒரு மறுப்பு எஞ்சி நிற்கிறது. அதை எழுப்பியவர் அண்ணன்தான். "பொத்தானைத் திட்டாதே தம்பி. எனக்கு ஐம்பது வயசு. ராத்திரி அஞ்சு மணி நேரம் நின்னுகிட்டே காதைத் தீட்டிக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார். என் வாதத்தில் என்னைத் தலைகுனிய வைத்த சொல் இது. அவர் சொல்வது மெய். பொத்தான் மிச்சப்படுத்தும் நேரத்தில் அடுத்த பாட்டை நன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டத்தின் முகத்தைப் பார்க்கலாம். கற்றறிந்தவன் கைக்குப் பொத்தான் ஓய்வு தருகிறது. கற்கத் தொடங்கும் முன்பே அது கைக்கு வந்துவிட்டால், கற்கும் தேவையே இல்லை என்று நம்பச் செய்கிறது. அன்றிரவு அண்ணனுக்குச் சி.டி. பெட்டி கைகொடுத்ததற்குக் காரணம் அவர் முன்பே கற்றிருந்தது. அதே இடத்தில் நான் நின்றிருந்தால், பெட்டி இருந்தும் மண்டபம் ஊமையாகியிருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

உலக நிறுவனங்களுக்கு ஓர் அரசுக் கல்லூரி ஆண்டு மலரிலிருந்து கட்டளையிட முடியாது என்பதை அறிவேன். நம் கைக்கு எட்டியவற்றையாவது செய்யலாம்.

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் மிக்ஸ் போன்ற திறந்த மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். விலையில்லாதது என்பதால் முதல்வர் அவர்களுக்குச் செலவுக் கணக்கு எழுதும் சிரமம் இராது. அதிர்வெண், ஒலியலை, வேகம், சுருதி பற்றிய இயற்பியல் பாடத்துக்கும் அது கண்கண்ட கருவியாகும். நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் மூல நிரலைத் திறந்து படிக்கலாம். கல்லூரி விழாவில் பாட்டுப் போடும் பொறுப்பை ஏற்கும் மாணவர்கள் அதில் ஒரு மாதம் பழகட்டும். அந்த ஒரு மாதம் ஸிங்க் பொத்தானைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாம் மாதம் தொடலாம். அப்போது அதன் அருமையும் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் கருவியை விழாவுக்கு முதல்நாள் புதுப்பிப்பதில்லை என்ற கட்டுப்பாடும் வேண்டும். இப்போது அண்ணன் வேலை செய்யும் மடிக்கணினியை இணையத்தோடு சேர்ப்பதே இல்லை. பழைய சி.டி. பெட்டியும் வண்டியின் பின்பகுதியிலிருந்து முன்னிருக்கைக்கு வந்துவிட்டது.

பழையன எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டும் என்பது என் கட்சியன்று. புதியது வரட்டும், வரவேற்போம். அது கதவைத் தட்டி வரட்டும் என்றுதான் கேட்கிறேன். பழையது போகும் நாளும் வரும். அப்போது அதனைப் பழகிய கை விடைகொடுத்து அனுப்பட்டும்.

சென்ற வாரம் அண்ணன் ஹெட்போனை என் காதில் மாட்டினார். இரண்டு பாட்டுகளை ஓடவிட்டு, "எது முந்துது, எது பிந்துது, சொல்லு" என்றார். நான் தவறாகவே சொன்னேன். மறுபடி ஓடவிட்டார்.